ஊர் பேர் இல்லாத பாஷை

உலகத்தில் இருக்கிற பாஷைகளையே நம்மால் கற்று முடியவில்லை. அதற்குள் சிலர் உட்கார்ந்துகொண்டு புதிது புதிதாகப் பாஷைகளைச் செய்கிறார்களாமே, இதெல்லாம் எதற்கு என்று நண்பர் ஒருவர் கேட்டார். கேள்வியில் இருந்த ஏளனம் எனக்குப் பிடிக்கவில்லை. நாவல் எழுதுகிறவன் செய்வதும் ஏறக்குறைய அதே காரியம்தான். இல்லாத மனிதர்களைப் பிறப்பித்து, இல்லாத வீட்டில் குடிவைத்து, அவர்களுக்கு வாயும் வார்த்தையும் கொடுக்கிறான். அதைக் கலை என்று ஒப்புக்கொள்கிறவர்கள், இலக்கணம் எழுதிப் பாஷையைப் பிறப்பிக்கிறவனை மட்டும் வேலையற்றவன் என்று சொல்வது நியாயமாகப் படவில்லை.

ஆனாலும் நண்பரின் கேள்வியைக் கொஞ்சம் திருத்திக் கேட்டால் அது விமரிசகனுக்கு உரிய கேள்வியாகிவிடும். செய்யப்பட்ட பாஷை ஒன்று கதைக்குள் வந்தால் என்ன செய்யும்? எதைச் செய்ய அதனால் முடியாது? இதற்குப் பதில் தேட எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் 'சாயம் பூசிய பறவை' என்ற செக் நாட்டுப் படம். வாட்ஸ்லாவ் மார்ஹௌல் இயக்கியது. 2019ல் வெனிஸ் விழாவில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. கறுப்பு வெள்ளையில் 169 நிமிஷம் ஓடுகிறது. அந்த விழாவில் சிலர் பாதியிலேயே எழுந்து போய்விட்டார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. நான் எழுந்து போகவில்லை. போனவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன்.

படத்துக்கு மூலம் யெர்ஸி கோசின்ஸ்கி என்ற போலிஷ் யூதர் அமெரிக்காவில் குடியேறிய பின் ஆங்கிலத்தில் எழுதி, 1965ல் வெளியிட்ட நாவல். யுத்தம் தொடங்கிய 1939ல், பெரிய நகரம் ஒன்றிலிருந்து ஆறு வயதுப் பையனைப் பெற்றோர் தொலைதூரக் கிராமத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். அடைக்கலம் கொடுத்த கிழவி செத்துப்போகிறாள். அதன் பிறகு பையன் ஊர் ஊராக அலைகிறான். அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு வெளுத்த தலைமயிர், நீலக் கண். இவனுக்குக் கறுத்த மயிர், கறுத்த கண். நாடோடியாகவோ யூதனாகவோ இருக்க வேண்டும் என்று அவர்களுக்குப் பட்டுவிடுகிறது. பிறகு அவன் படுவதையெல்லாம் இங்கே எழுத எனக்கு மனமில்லை. தலைப்புக்குக் காரணமான சம்பவத்தை மட்டும் சொல்கிறேன். லேஹ் என்ற பறவை பிடிக்கிறவன், தன் காதலியைக் காணாத துக்கத்தில், பிடித்த பறவைக்குப் பல வர்ணச் சாயம் பூசிப் பறக்கவிடுகிறான். அது ஆசையோடு தன் கூட்டத்தில் போய்ச் சேருகிறது. கூட்டத்துக்கு அடையாளம் தெரியவில்லை. கொத்திக் கொன்றுவிடுகிறது.

இந்தப் படத்தில் கிராமத்து ஜனங்கள் பேசுவது போலிஷ் அல்ல, உக்ரேனியனும் அல்ல. எந்த நாட்டிலும் எந்த வீட்டிலும் தாய்மொழியாகப் பேசப்படாத இன்டர்ஸ்லாவிக் என்ற செயற்கைப் பாஷை. முழுநீளக் கதைப் படம் ஒன்றில் அது ஒலித்தது அதுவே முதல் தடவை.

அந்தப் பாஷையைப் பற்றிச் சொல்லுமுன் அதன் குடும்பத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பால்டிக் பாஷைகளும் ஸ்லாவியப் பாஷைகளும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பது பாஷை நூலார் பெரும்பாலோர் கொள்கை. பால்டிக் பக்கம் இன்று உயிரோடிருப்பவை லித்துவேனியனும் லாட்வியனும். பழைய பிரஷ்யன் 18ம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு மறைந்துவிட்டது. ஸ்லாவியப் பக்கம் ரஷ்யன், உக்ரேனியன், போலிஷ், செக், ஸெர்பியன், பல்கேரியன் என்று பெரிய கூட்டம். கையை லித்துவேனியர் 'ராங்கா' என்கிறார்கள், போலந்தில் 'ரெங்கா', ரஷ்யாவில் 'ருகா'. ஜாடை மறையவில்லை. இந்த மரத்தில் முளைக்காமலே போன ஒரு கிளையைக் கற்பனை செய்து, அது முளைத்திருந்தால் எந்தச் சொல் எப்படித் தேய்ந்திருக்கும் என்று கணக்குப் போட்டு, இலக்கணமும் அகராதியும் எழுதி மகிழ்கிறவர்கள் ஐரோப்பாவில் உண்டு. யான் வான் ஸ்டீன்பெர்கன் என்ற டச்சுக்காரர் 2002ல் 'வெனெதிக்' என்று ஒன்று செய்தார். பழைய ரோமானியரின் லத்தீன் போலந்து மண்ணில் வேரூன்றி, போலிஷ் பாஷையின் ஒலி மாற்றங்களுக்கெல்லாம் ஆளாகியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்ற கற்பனை அது. சரித்திர நாவலாசிரியன் செய்கிற கற்பனைக்கு அது எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

அவரே பிறகு இன்டர்ஸ்லாவிக்கைச் செய்தவர்களிலும் முக்கியமானவர். 2006ல் ஒரு குழு தொடங்கிய முயற்சியும், செக் நாட்டு வோயித்யெக் மெருன்கா தனியே செய்துவந்த முயற்சியும் 2017ல் ஒன்றாகச் சேர்ந்தன. இதிலே கற்பனைக்கு இடம் குறைவு. ஒவ்வொரு பொருளுக்கும் ஸ்லாவியப் பாஷைகள் என்ன சொல் வைத்திருக்கின்றன என்று பார்த்து, எது அதிகம் பேருக்குப் பொதுவோ அதை எடுத்துக்கொள்வது முறை. ரொட்டியைப் போலந்துக்காரனும் ரஷ்யனும் ஸெர்பியனும் 'ஹ்லெப்' என்கிறார்கள். செக்கில் கொஞ்சம் நீண்டு 'ஹ்லேப்' ஆகிறது. ஆகவே ரொட்டி 'ஹ்லெப்'தான். பாடம் படிக்காமலே ஒரு ஸ்லாவியர் காது கொடுத்துக் கேட்டால் ஓரளவு புரிந்துகொள்ளலாம் என்பதுதான் நோக்கம்.

ஆசை புதிதல்ல. யுராய் கிரிஷானிச் என்ற குரோஷியப் பாதிரியார் 17ம் நூற்றாண்டிலேயே இந்த ஆசையில் விழுந்தவர். ஸ்லாவியர்களையெல்லாம் ஒன்றுசேர்க்கலாம் என்ற நம்பிக்கையோடு 1659ல் மாஸ்கோ போனார். 1661ல் அவரைச் சைபீரியாவில் உள்ள தோபோல்ஸ்க்குக்கு நாடு கடத்திவிட்டார்கள். பதினைந்து வருஷம் அங்கே கிடந்தார். அந்தக் குளிரில் உட்கார்ந்துகொண்டு, எல்லா ஸ்லாவியருக்கும் பொதுவான ஒரு பாஷைக்கு இலக்கணம் எழுதினார். பேச்சுத் துணைக்கு ஆளில்லாத இடத்தில் ஒரு மனிதன், பல தேசத்து ஜனங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்காக ஒரு பாஷையைக் கட்டிக்கொண்டிருந்தான் என்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது. சகோதரத்துவத்துக்கென்று பிறந்த ஆசை அது. அந்தப் பரம்பரையில் வந்த பாஷை, மூன்றரை நூற்றாண்டு கழித்துப் படத்தில் ஏறியபோது, அதில் ஒரு சிறுவனை ஏசினார்கள், விரட்டினார்கள், விற்றார்கள்.

ஏன் அதைத் தேர்ந்தெடுத்தேன் என்று இயக்குநர் மறைக்காமலே சொல்லியிருக்கிறார். எந்த ஸ்லாவிய தேசமும் இந்தக் கொடுமையைத் தன்னுடையது என்று அடையாளம் காணக்கூடாது என்பதே அவர் கருத்து. போலிஷில் பேசவைத்தால் போலந்துக்காரர் மேல் பழி. உக்ரேனியனில் பேசவைத்தால் உக்ரேனியர் மேல் பழி. அவர் பழி சொல்ல விரும்பியது மனித சுபாவத்தை. கேட்டபோது எனக்கு அது மிகவும் நல்ல மனசாகத்தான் பட்டது. படம் முடிந்து இரண்டு நாள் ஆன பிறகுதான் ஏதோ உறுத்த ஆரம்பித்தது.

முதலில் உறுத்தியது இது. படத்தில் ஜெர்மானியர் ஜெர்மன் பேசுகிறார்கள். ரஷ்யச் சிப்பாய்கள் ரஷ்யன் பேசுகிறார்கள். கிராமத்து ஜனங்களுக்கு மட்டும்தான் சொந்தப் பாஷை இல்லை. பட்டாளத்துக்குத் தேசம் உண்டு, சரித்திரத்தில் இடம் உண்டு. ஏர் பிடிக்கிறவனுக்கு இரண்டும் இல்லை. மனித சுபாவம் முழுவதையும் கேள்வி கேட்பதாகச் சொல்லிவிட்டு, சிலருக்கு விலாசம் கொடுத்துச் சிலருக்கு விலாசத்தை அழித்தால், அழிக்கப்பட்டவன் மனிதனின் பிரதிநிதியாக உயர்ந்துவிடுவதில்லை. காட்டிலே அலைகிற ஜந்துவாகத் தாழ்ந்துவிடுகிறான்.

இரண்டாவது உறுத்தல், நாவலின் கதையைப் பற்றியது. கோசின்ஸ்கியும் நாட்டின் பெயரைச் சொல்லவில்லை. சொல்லாததால் யாராவது தப்பினார்களா? இல்லை. புத்தகம் போலந்தில் 1989 வரை வெளியாக முடியவில்லை. வெளியாகுமுன்பே போலந்து ஜனங்களை அவமதிக்கும் புத்தகம் என்று பெயரெடுத்துவிட்டது. இதெல்லாம் ஆசிரியரின் சொந்தச் சிறுபிராய அனுபவம் என்று வாசகர்கள் பலர் நம்பினார்கள். அவரும் அந்த நம்பிக்கையைக் கலைக்க அவசரப்படவில்லை. 1982ல் நியூயார்க் வாரப் பத்திரிகை ஒன்று அவர் எழுத்தின் நேர்மையைப் பற்றிச் சந்தேகங்களைக் கிளப்பிற்று. 1991ல் அவர் தற்கொலை செய்துகொண்டார். அதன் பிறகு, போலிஷ் பத்திரிகையாளர் யோஆன்னா ஷெட்லெட்ஸ்காவின் புத்தகமும், 1996ல் ஜேம்ஸ் பார்க் ஸ்லோன் எழுதிய வாழ்க்கை வரலாறும் உண்மையை வெளிக்கொண்டுவந்தன. பையன் தனியே அலையவில்லை. தகப்பனாரும் தாயாரும் அவனும் பெயரை மாற்றிக்கொண்டு ஒன்றாகவே பிழைத்திருந்தார்கள். அவர்கள் யார் என்று அறிந்தோ ஊகித்தோ இருந்த கிராமத்தார் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றியிருந்தார்கள். யூதனுக்கு இடம் கொடுத்தால் மரண தண்டனை என்று ஜெர்மானியர் சட்டம் போட்டிருந்த காலம் அது.

நாவல் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. நாவலாசிரியனுக்குத் தன் வாழ்க்கையைத் திரித்துச் சொல்லும் உரிமை உண்டு. யூதர்களைப் பிடித்துக் கொடுத்த கிராமத்தாரும், அடித்துக் கொன்ற கிராமத்தாரும் அந்தப் பிரதேசத்தில் இருந்தார்கள் என்பதும் சரித்திரம். காப்பாற்றிய ஊரின் கதையைச் சொல்லி அந்தச் சரித்திரத்தை மூடிவிட முடியாது. ஆனால் இதிலிருந்து எழுத்தாளன் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. காட்டிக்கொடுத்தவனும் காப்பாற்றியவனும் ஒரே பாஷையைத்தான் பேசினார்கள். 'ஓடு, இங்கே நிற்காதே' என்று விரட்டியவனிடம் எந்தச் சொற்கள் இருந்தனவோ, அதே சொற்களில்தான் இன்னொருத்தி, 'உள்ளே வா, கதவைச் சாத்து' என்றும் சொல்லியிருக்க வேண்டும். ஒரு பாஷையின் மேல் பழி வரக்கூடாது என்று அதை எடுத்துவிட்டால், அதில் சொல்லப்பட்ட பரிவும் கூடவே போய்விடுகிறது. இன்டர்ஸ்லாவிக்கில் அன்பாகப் பேச இலக்கணம் இடம் கொடுக்காது என்பதல்ல. எந்தத் தாயும் அதில் இன்னும் தாலாட்டவில்லை. எந்தப் பாட்டியும் அதில் கடிந்துகொள்ளவில்லை. திட்டுகிற ஒருவனுடைய வாயில், அவன் தாய் அவனைக் கொஞ்சிய சொல்லும் ஒளிந்திருக்கிறது என்று நமக்குத் தெரிந்தால்தான் அவன் கொடுமை நம்மைக் கலக்கும். அது இல்லாதபோது பயப்படுகிறோம், கலங்குவதில்லை.

மூன்றாவதாக, நாவலில் இருந்த ஒரு நுட்பமும் இதில் கைவிட்டுப் போயிற்று. பையனைக் காட்டிக்கொடுப்பவை மயிரும் கண்ணும் மட்டுமல்ல, அவன் பேச்சும்தான். அவன் பேசுவது படித்த நகரத்தாரின் பேச்சு, கிழக்கே உள்ள குடியானவர்களுக்கு அது புரிவதே கஷ்டம் என்று நாவலின் முகப்பிலேயே சொல்லப்படுகிறது. அதாவது வாயைத் திறந்தாலே அவன் சாயம் பூசிய பறவை. ஒரே தேசத்துக்குள் ஒரே பாஷையின் இரண்டு பேச்சுகள் ஒன்றையொன்று எப்படிக் கொத்தும் என்பது நாவலாசிரியனுக்கு அற்புதமான விஷயம். செய்யப்பட்ட பொதுப் பாஷைக்கு வட்டாரமும் கிடையாது, மேல் தட்டும் கீழ்த் தட்டும் கிடையாது. பொதுவாக இருப்பதற்கென்றே பிறந்தது, வித்தியாசத்தை எப்படிக் காட்டும்?

செயற்கைப் பாஷை கதைக்கே ஆகாது என்று யாராவது இதிலிருந்து முடிவு கட்டினால் அதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆன்டனி பர்ஜஸ் 1962ல் எழுதிய 'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்' இருக்கிறது. அதிலும் கொடுமைதான் விஷயம். அதிலும் ஸ்லாவியச் சொற்கள்தான் கருவி. வருங்கால இங்கிலாந்தில் ரௌடித்தனம் செய்கிற பையன்கள் 'நாட்ஸாட்' என்ற கலப்புப் பேச்சைப் பேசுகிறார்கள். நண்பன் 'த்ரூக்', பால் 'மொலொகோ'. நல்லது என்பதற்கு ரஷ்யனில் உள்ள 'ஹரஷோ' அவர்கள் வாயில் திரிந்து 'ஹாரர்ஷோ' ஆகி, ஆங்கிலக் காதுக்குப் பயங்கரக் காட்சி என்று கேட்கிறது. நல்லதும் பயங்கரமும் ஒரே சொல்லாகிவிடுகிற மனசை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியுமா? சொற்பட்டியல் சேர்ப்பதைப் பர்ஜஸ் விரும்பவில்லை. அகராதி இல்லாமல் படிக்கிற நாம் இருபது பக்கத்துக்குள் அந்தப் பேச்சைக் கற்றுக்கொண்டுவிடுகிறோம். கற்றுக்கொண்ட பிறகுதான் தெரிகிறது, நாமும் அந்தக் கூட்டத்தில் ஒருவனாகிவிட்டோம் என்று. அலெக்ஸ் அந்தப் பேச்சை ருசித்துப் பேசுகிறான், அது அவனுடையது. செய்யப்பட்ட பாஷைதான், ஆனால் உடையவன் இருக்கிற பாஷை. அது வாசகனைக் குற்றத்துக்குள் இழுக்கிறது. படத்தில் உள்ள பாஷை குற்றத்தை எல்லோருடைய வாசலுக்கும் வெளியே கொண்டுபோய் வைத்துவிடுகிறது.

இப்படி எழுதிவிட்டு, என் தீர்ப்பிலேயே ஒரு ஓட்டை இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு எந்த ஸ்லாவியப் பாஷையும் தெரியாது. கீழே ஓடிய எழுத்துகளை வாசித்துத்தான் படம் பார்த்தேன். எனக்கு அது வெறும் அந்நிய ஒலி. வார்ஸாவிலோ ஜாக்ரெப்பிலோ உட்கார்ந்து பார்க்கிறவருக்கு அப்படியிராது. பாதி புரியும், தூரத்து உறவினர் குரல் போலக் கேட்கும். யாரும் தன்னை அடையாளம் காணக்கூடாது என்று இயக்குநர் எடுத்த பாஷை, எல்லோரும் கொஞ்சம் அடையாளம் காணவேண்டும் என்பதற்காகவே செய்யப்பட்டது! ஒருவர்மேலும் விழக்கூடாது என்று அவர் நினைத்த நிழல், அவர் அறியாமலே எல்லோர் மேலும் கொஞ்சம் கொஞ்சம் விழுந்திருக்கலாம். அது கலைக்கு லாபம்தான். ஆனால் திட்டத்தால் வந்த லாபமல்ல, திட்டம் பிசகியதால் வந்த லாபம்.

இவ்வளவு கறாராகப் பேச எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. ஊர்ப் பெயரை எடுத்துவிட்ட பாவத்தை நானும் ஒருமுறை செய்திருக்கிறேன். நான் அறிந்த ஒரு ஊரில் நடந்த அநியாயத்தை நாவலாக எழுதினேன். எழுதி முடித்ததும் பயம் வந்தது. மனிதர்கள் புண்படுவார்களே என்ற நல்ல எண்ணமும் வந்தது. இரண்டில் எது முந்தியது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஊர்ப் பெயரை அடித்தேன். பேச்சை வைத்து ஊரைக் கண்டுபிடித்துவிடுவார்களே என்று, பாத்திரங்களின் பேச்சையும் எந்த ஊருக்கும் பொருந்துகிற மாதிரி வழித்துத் துடைத்தேன். அச்சாகி வந்தபோது, அடித்தவர்கள் எல்லோரும் அப்படியே இருந்தார்கள். அடிபட்டவனுக்கு இருட்டில் சோறு கொண்டுவந்த ஒரு கிழவி மட்டும் காணாமற்போயிருந்தாள். அவள் வருகிற பக்கம் இருந்தது. ஆனால் அவள் தயவெல்லாம் அவள் பேச்சில்தான் இருந்திருக்கிறது. பேச்சைத் துடைத்ததும் அவளும் போய்விட்டாள். அடி கொடுப்பதற்குப் பாஷை வேண்டியதில்லை. சோறு போடுகிறவளுக்குத்தான் வேண்டியிருக்கிறது.

அந்தப் போலிஷ் கிராமத்துக்கும் பெயர் இருக்கிறது. தொம்ப்ரோவா ஜெச்சிட்ஸ்கா. தென்கிழக்குப் போலந்தில் உள்ள சிறிய ஊர். நாவலிலும் அது இல்லை, படத்திலும் இல்லை. ஆகையால் இங்கே எழுதிவைக்கிறேன்.

படத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடங்கள் பேச்சே இல்லாத இடங்கள் என்று சொன்னால் அது கேலியாகாது. பாதிக் கதையில் பையனின் குரல் அடைத்துப்போகிறது. நாவலில், யுத்தம் முடிந்து, ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடக்கும்போது டெலிபோன் மணி அடிக்கிறது; எடுக்கிறான்; பேச்சு திரும்பி வருகிறது. படத்தின் முடிவு வேறு. தேடிக் கண்டுபிடித்துக் கூட்டிப்போகிற தகப்பனோடு பஸ்ஸில் போகிறான். தூங்குகிற தகப்பனின் கையில் பச்சை குத்திய எண்ணைப் பார்க்கிறான். அதுவரை தகப்பன்மேல் அவனுக்குக் கோபம். பார்த்த பிறகு, மூடுபனி படிந்த ஜன்னல் கண்ணாடியில் விரலால் தன் பெயரை எழுதுகிறான். பெயரே இல்லாமல் இரண்டே முக்கால் மணி நேரம் நம் முன்னால் அலைந்த பிள்ளைக்குப் பெயர் கிடைக்கிறது: யோஸ்கா.

யார்மேலும் பழி விழக்கூடாது என்று ஊரின் பெயரையும் பாஷையின் பெயரையும் மறைத்த கலைஞர், கடைசியில் ஒரு பெயரில்தான் வந்து இளைப்பாறுகிறார். வேறு வழியில்லை. பெயரில்லாத இடத்தில் மன்னிப்பும் இல்லை. நண்பருக்கு நான் சொல்லக்கூடிய பதில் இவ்வளவுதான்: பாஷையைச் செய்கிறவர்கள் தாராளமாகச் செய்யட்டும், தோபோல்ஸ்க் குளிரில் செய்தவருக்கு என் வணக்கம். கதை சொல்கிறவன் மட்டும், அதை எடுத்துக்கொள்ளும் முன், அதில் யாராவது யாருக்காவது சோறு போட்டிருக்கிறார்களா என்று ஒரு தடவை விசாரித்துக்கொள்ள வேண்டும்.